புஷ்பா டீச்சர் கேட்ட ஆப்பிள் குறிப்பு

அந்தச் செய்தியை நானே படித்தேன். எனக்கு எழுபத்திரண்டு வயதாகிறது. அதுவரை யாருடைய சாவையும் நான் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. யாராவது வீட்டுக்கு வந்து சொல்வார்கள், அல்லது போனில் அழுவார்கள். எழுத்தில் வந்தால் என் மனைவி சிவகாமி படித்துச் சொல்வாள். அவள் போன பிறகு கீழ்க்கடைக்காரர் படித்துச் சொல்வார்.

அன்று வெள்ளிக்கிழமை காலை. கிள்ளானில் நான் இருக்கும் அடுக்குமாடியின் கீழ்க்கடையில் தேநீர் வாங்கி உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஞாயிறு வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் டீச்சரின் கணவர் ரவி தமிழில் எழுதியிருந்தார். கடைக்காரரைக் கூப்பிடாமல் நானே ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். ‘என் மனைவி புஷ்பா இன்று காலை’ என்பது வரை எளிதாக வந்தது. அடுத்த சொல் நீளமாக இருந்தது. கா, ல, மா, னா, ர். வானொலியில் நூறு முறை கேட்ட சொல்தான். எழுத்தில் பார்த்தது அன்றுதான்.

அந்தச் சொல்லை யார் உதவியும் இல்லாமல் படித்து முடித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொருள் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது. ஆனால் அதைக் கொடுத்தவரும் டீச்சர்தான். அதனால் மறைக்காமல் எழுதுகிறேன்.

டீச்சரைத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் வாசிக்கும்படி ஏதாவது எழுதுங்கள் என்று மேரியம்மா கேட்டார். மேரியம்மா என்னோடு படித்தவர். பிரிக்ஃபீல்ட்ஸில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலை அவருக்கு. “நீங்கதான் அண்ணே மெதுவா எழுதினாலும் முழுசா எழுதுவீங்க” என்றார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார். நான் மெதுவாக எழுதியது என்ன செய்தது என்பதை இனிமேல் சொல்கிறேன்.

சிவகாமி இறந்து ஓராண்டு ஆனபோது அவள் திதிக்கு அர்ச்சனை செய்ய பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள கோயிலுக்குப் போனேன். கிள்ளானில் கோயில் இல்லையா என்று கேட்பீர்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் கோயிலில்தான் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. அர்ச்சனை முடிந்து தட்டிலிருந்த பழங்களைப் பையில் போட்டுக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கமாக வந்தேன். சமையலறை வாசலில் ஓர் அம்மா நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் பழம் நறுக்கும் கத்தி.

“அங்கிள், அந்த ஆப்பிள வீட்டுக்கா கொண்டு போறீங்க?”

“வீட்டுல சாப்பிட ஆள் இல்லம்மா.”

“அப்போ இங்க கொடுங்க லா. சாமிக்கு வச்சதெல்லாம் இங்க அழுகிப் போகுது. உட்காருங்க, அரை மணி நேரத்துல வேற மாதிரி திருப்பித் தரேன்.”

உள்ளே ஒரு நீள மேசை. நான்கு பேர் பயிற்சி நோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் என் வயதுக்காரர்கள். சமையல் வகுப்பு என்று நினைத்துதான் உட்கார்ந்தேன். அந்த அம்மாதான் புஷ்பா டீச்சர்.

அவர் செய்ததைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆப்பிளைத் தோல் சீவிச் சிறு துண்டுகளாக நறுக்குவார். வாணலியில் ஒரு கரண்டி மார்ஜரின், பழுப்புச் சீனி, கொஞ்சம் பட்டைத்தூள், கடைசியில் எலுமிச்சைச் சாறு. தண்ணீர் வற்றித் துண்டுகள் பளபளப்பாகும் வரை கிளறுவார். மாவு பிசைவதே இல்லை. கடையில் உறைய வைத்து விற்கும், பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் பாக்கெட்டைப் பிரித்து, ஒவ்வொரு ரொட்டியிலும் ஆப்பிளை வைத்துப் பாதியாக மடிப்பார். ஓரத்தை முள்கரண்டியால் அழுத்துவார். மேலே இரண்டு கீறல். கோயில் மண்டபம் என்பதால் முட்டை கூடாது, பால்தான் தடவுவார். சின்ன ஓவனில் பொன்னிறமாக வந்ததும் எடுத்து வைத்து, ஐசிங் சீனியில் ஒரு கரண்டி பால் விட்டுக் குழைத்து மேலே ஊற்றுவார். அது இறுகிக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். டீச்சர் அதை ஆப்பிள் பஃப் என்பார். கறிக்குப் பதில் பழம் வைத்தது என்பதால் நாங்கள் இனிப்பு கரிபாப் என்போம்.

அன்று ஆப்பிளை அடுப்பில் ஏற்றிவிட்டு என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார். “அடுத்து என்ன செய்யணும்னு படிச்சுச் சொல்லுங்க அங்கிள்.”

நாற்பது வருடமாக என்னிடம் தயாராக இருந்த பதிலைச் சொன்னேன். “கண்ணாடி கொண்டு வரலம்மா.”

மேசையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். டீச்சர் தாளை வாங்கிக்கொண்டார். “பரவாயில்ல அங்கிள். இங்க எல்லாருமே கண்ணாடிய மறந்துட்டு வந்தவங்கதான்.”

மேரியம்மாதான் முதலில் சிரித்தார். பிறகு நானும் சிரித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் இரண்டு ஆண்டுகள், கிள்ளானிலிருந்து ரயில் ஏறி, எழுதப் படிக்கக் கற்றுத் தரும் அந்த வகுப்புக்கு நான் போனேன். மழை, திருவிழா, முழங்கால் வலி எதற்கும் நிற்கவில்லை.

டீச்சர் வார நாட்களில் தமிழ்ப்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துபவர். எங்களைப் பிள்ளைகள் மாதிரி நடத்தியதே இல்லை. எழுத்துகள் தெரிந்ததும் எங்களுக்கு அணில், ஆடு எழுதக் கொடுக்கவில்லை. “பஃப் எப்படிச் செய்யறதுன்னு எழுதுங்க. நீங்க எழுதினத மட்டும் பார்த்து நான் செய்வேன். வாயத் திறக்கக் கூடாது” என்றார். நான் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது அப்போது.

மேரியம்மா ‘ஆப்பிளை ரொட்டியில் வைத்து மூடவும்’ என்று எழுதியிருந்தார். டீச்சர் ஒரு முழு ஆப்பிளைத் தோலோடு, காம்போடு ரொட்டியின் நடுவில் வைத்து மூடப் பார்த்தார். மூட முடியவில்லை. “ஐயோ டீச்சர், வெட்டணும்!” என்று மேரியம்மா கத்தினார். “எங்க எழுதியிருக்கு மேரி?” என்று டீச்சர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நான் சிரித்தேன். என் முறை வந்தது. நான் நறுக்குவது, கிளறுவது எல்லாம் எழுதியிருந்தேன். அந்த ரொட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க நடுவில் பிளாஸ்டிக் தாள் இருக்கும். டீச்சர் ரொட்டியை அந்தப் பிளாஸ்டிக்கோடு எடுத்து, ஆப்பிளை வைத்து, பிளாஸ்டிக்கோடு மடித்து, முள்கரண்டியால் அழகாக அழுத்தினார்.

“அத எடுக்கணும்னு யாருக்கும் தெரியுமே டீச்சர்!”

“தெரிஞ்சவனுக்கு உங்க பேப்பர் எதுக்கு அங்கிள்? தெரியாத ஒருத்தன் தனியா நின்னு படிக்கிறான்னு நினைச்சு எழுதுங்க.” பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். “நீங்க லோரி ரிவர்ஸ் எடுக்கறப்ப பின்னால நிக்கற ஆள், ‘வா வா’ன்னு சொல்லிட்டு நடுவுல பேசாம இருந்துட்டா?”

“இடிச்சிடும்.”

“அவ்வளவுதான்.”

போர்ட் கிள்ளானில் முப்பத்தெட்டு வருடம் கன்டெய்னர் லோரி ஓட்டியவன் நான். எழுதுவது என்றால் என்ன என்று எனக்கு அன்று புரிந்த மாதிரி அதன் பிறகும் புரிந்ததில்லை. “எழுத்துப் பிழைய விடுங்க, அத நான் பார்த்துக்கறேன். வழியில பள்ளம் விடாதீங்க” என்பார் டீச்சர்.

ஆனால் துறைமுகம் எனக்கு வேறொன்றையும் கற்றுக் கொடுத்திருந்தது. வாசலில் நீட்டும் சீட்டில் ஓர் எண்ணை அடித்து எழுதியிருந்தால் உள்ளே விடமாட்டார்கள். படிக்கத் தெரியாத எனக்கு அந்த அடித்தல் மட்டும் தூரத்திலேயே தெரிந்துவிடும். வேறு சீட்டு வரும்வரை வெயிலில் லோரியோடு நிற்க வேண்டும். அடித்தல் திருத்தல் உள்ள தாள் செல்லாது என்பது எனக்குள் அப்படி ஊறிப்போயிருந்தது.

போன ஆண்டுக் கடைசியில் டீச்சர் வகுப்புக்கு வருவது குறைந்தது. முதுகு வலி என்றார். ஸ்கேன் என்றார். ஒரு ஞாயிறு அவரே வந்து, ஓவன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தமக்குப் புற்றுநோய் என்று சொன்னார். மண்டபத்தில் தண்ணீர் வராது என்று அறிவிப்பது போலச் சொன்னார். “முகத்த அப்படி வச்சுக்காதீங்க லா. வீட்டுப்பாடம் கொடுக்கறேன். ஆளுக்கொரு குறிப்பு, முழுசா, பள்ளமில்லாம. நான் வீட்டுல படுத்துக்கிட்டு படிப்பேன்.”

மற்றவர்கள் இரண்டு வாரத்தில் கொடுத்துவிட்டார்கள். மேரியம்மா மீன் குழம்பு எழுதினார். நான் ஆப்பிள் பஃப் எழுதினேன். பதினாறு வரி. ஒவ்வொரு வரியையும் எழுதியபின் கண்ணை மூடி, ஒன்றும் தெரியாத ஒருவன் சமையலறையில் நிற்பதாக நினைத்துப் பார்த்தேன். எங்கெங்கே அவன் தடுமாறுவான் என்று தெரிந்ததோ அங்கெல்லாம் அடித்து, மேலே எழுதி, ஓரத்தில் எழுதினேன். முடித்தபோது தாள் குப்பை மாதிரி இருந்தது.

அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் டீச்சரைச் சேர்த்திருந்த மருத்துவமனைக்குப் போனேன். கையில் ஒரு பை ஆப்பிள். டீச்சர் என்னைப் பார்த்ததும் கட்டில் பக்கத்து மேசையைக் காட்டினார். வந்தவர்கள் எல்லாரும் ஆப்பிளே வாங்கி வந்திருந்தார்கள்.

“கடையே போட்டுட்டாங்க அங்கிள். அதுக்குப் பதிலா அந்த ஓவனத் தூக்கிட்டு வந்திருந்தீங்கன்னா, இந்த வார்டுக்கே பஃப் போட்டிருப்பேன்.” சிரித்தார். அவர் மணிக்கட்டு என் இரண்டு விரல் அளவு ஆகியிருந்தது. “சரி, என் பேப்பர் எங்க?”

“எழுதிட்டேன் டீச்சர். வீட்டுல இருக்கு. ஃபேர் காப்பி எடுத்துக்கிட்டு இருக்கேன்.”

“எதுக்கு ஃபேர் காப்பி? அடிச்சது கிடிச்சது எல்லாத்தோடயும் கொண்டாங்க. எனக்கு உங்க பேப்பரப் படிக்கணும் போல இருக்கு.”

“அடுத்த வாரம் கண்டிப்பா டீச்சர்.”

தாள் என் நெஞ்சுக்கு மேலே இருந்தது. கையை உயர்த்தினால் போதும். நான் உயர்த்தவில்லை.

கால்மாட்டில் நின்ற ரவியைக் காட்டினார். அவர் ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்ப்பவர். பிள்ளைகள் இல்லை, அவர்கள் இருவர்தான். “இவருக்குச் சுடுதண்ணி வைக்கக்கூடத் தெரியாது. உங்க பேப்பரப் பார்த்து இவர் பஃப் போட்டுட்டார்னா நீங்க பாஸ் அங்கிள்.”

“நான் ஃபெயில் ஆயிட்டா?” என்றார் ரவி.

“நீங்க ஃபெயில் ஆனா அங்கிள் ஃபெயில். உங்கள நான் எப்பவோ ஃபெயில் பண்ணிட்டேன்.”

அதுதான் நான் அவரை உயிரோடு பார்த்த கடைசி நாள்.

கிள்ளான் திரும்பியதும் புது நோட்டு வாங்கினேன். ஒரு நாளைக்கு ஒரு வரி. ஓர் எழுத்து கோணினாலும் பக்கத்தைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவேன். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அந்த நாட்களில் நான் மகிழ்ச்சியாக இருந்தேன். என் கையிலிருந்து நேரான வரிகள் வந்துகொண்டிருந்தன. டீச்சர் அதைப் பார்க்கும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே எழுதினேன். அவர் முகம் அங்கே நாளுக்கு நாள் என்ன ஆகிக்கொண்டிருந்தது என்று நினைக்கவில்லை.

மூன்றாவது வாரம் மேரியம்மா போன் செய்தார்.

“அண்ணே, போய்ப் பார்க்கலியா? டீச்சர் உங்கள ரெண்டு தடவ கேட்டுட்டாங்க.”

“முடியப் போகுது மேரி. இன்னும் அஞ்சாறு வரிதான்.”

“என்னா வரி? நீங்க போங்க அண்ணே! வெறுங்கையோட போங்க!”

போகவில்லை. வெறுங்கையோடு போக வெட்கமாக இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை காலை செய்தி வந்தபோது பதின்மூன்று வரிகள் முடிந்திருந்தன.

நல்லடக்கத்துக்குப் போனேன். வகுப்புக்காரர்கள் ஐந்து பேரும் ஓரமாக நின்றோம். எங்களைவிட இருபது, முப்பது வயது இளையவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மேரியம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து மீதி வரிகளை எழுதினேன். பழைய தாளை இடப்பக்கம் வைத்துப் பார்த்துப் பார்த்து எழுதினேன். கண் மங்கியது. இப்போது ஒரே மாலையில் எழுதி முடித்தேன். இனி அவசரம் ஏது என்று நிதானமாக எழுதியிருக்க வேண்டும். அதைக்கூடத் தலைகீழாகச் செய்தேன்.

பதினாறாம் நாள் காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். படத்துக்கு மாலை போட்டு, முன்னால் வாழையிலை விரித்திருந்தார்கள். அவருக்குப் பிடித்ததையெல்லாம் படைக்க உறவினர்கள் சமைத்துக்கொண்டிருந்தார்கள். நான் தாளை மடித்து இலையின் ஓரத்தில் வைக்கக் குனிந்தேன். ரவி என் கையைப் பிடித்தார்.

“அங்க வைக்காதீங்க அங்கிள். அவ சொன்னது மறந்துட்டீங்களா? பரீட்சை எனக்குத்தானே.”

“தம்பி, இன்னைக்கு எதுக்குப்பா...”

“இன்னைக்குத்தான். ரொட்டி பாக்கெட் ஃப்ரீசர்ல இருக்கு. அவ வாங்கி வச்சது. அஞ்சு இருக்கும்.”

அடுப்படியில் இருந்த பெண்கள் விலகி இடம் கொடுத்தார்கள். ஒருவர் ஆப்பிளைச் சீவித் தருகிறேன் என்று கை நீட்டினார். “யாரும் பேசக் கூடாது, தொடக் கூடாது. அது ரூல்” என்றார் ரவி. என் தாளை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டி வைத்து, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்தார். நானும், எனக்கு முன்பே வந்திருந்த மேரியம்மாவும் வாசலில் நின்றோம்.

அவர் சீவிய தோலோடு பாதி ஆப்பிளும் போயிற்று. ஆனாலும் துண்டு போட்டார். தண்ணீர் வற்றும்வரை கிளறினார். ஆறாவது வரியைப் படித்துவிட்டுப் பிளாஸ்டிக் தாளை உரித்து, அதை ஒரு நிமிடம் கையிலேயே வைத்திருந்தார். மூன்று மடித்தார், இரண்டைப் பிறகு என்று வைத்தார். ஓரம் அழுத்தினார், கீறினார், பால் தடவினார். என் குறிப்பில் அவர் ஓரிடத்திலும் நிற்கவில்லை. டீச்சர் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

பொன்னிறமாக வந்தன. ரவி தட்டை வெளியே எடுத்தார். அடுத்த வரியைப் படித்தார், சீனியில் பால் விட்டுக் குழைத்தார். அதற்கடுத்த வரியைப் படித்தார், ஊற்றினார்.

கொதிக்கும் ரொட்டியின் மேல் விழுந்த சீனிப்பாகு தண்ணீராக இளகி, நான்கு பக்கமும் வழிந்து, தட்டில் குளமாகத் தேங்கியது. மேலே ஒன்றும் நிற்கவில்லை.

ரவி என்னைத் திரும்பிப் பார்த்தார். “தப்பு பண்ணிட்டேனா அங்கிள்?”

மேரியம்மா ஃப்ரிட்ஜ் கதவருகே போய் விரல் வைத்துப் படித்தார். “அண்ணே, ஆறவிடச் சொல்லி இதுல எழுதவே இல்லையே.”

வரிகளை எண்ணினேன். பதினைந்து. பார்த்து எழுதும்போது என் கண் ஒரு வரியைத் தாண்டிப் போயிருந்தது. பழைய தாள் நோட்டின் நடுவில்தான் இருந்தது. எடுத்தேன். பதினான்காம் வரி. ‘பிறகு’ என்று எழுதி அடித்து, ‘கொஞ்ச நேரம் கழித்து’ என்று எழுதி அதையும் அடித்து, ஓரத்தில் ‘தொட்டால் சூடு தெரியாத வரை ஆறவிடவும், அவசரப்பட வேண்டாம்’ என்று எழுதியிருந்தேன். பதினோரு அடித்தல்கள் உள்ள தாளில் பள்ளம் ஒன்றுகூட இல்லை. அடித்தலே இல்லாத தாள் டீச்சரின் கணவரைப் பள்ளத்தில் விழ வைத்தது.

“தப்பு உங்களோடது இல்ல தம்பி. அவங்க கேட்டது இந்தப் பேப்பர்தான்” என்றேன். “ஆஸ்பத்திரியில எங்கிட்டதான் இருந்துச்சு. பையில வச்சுக்கிட்டே இல்லேன்னு சொன்னேன்.”

ரவி என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த அழுக்குத் தாளை வாங்கி, காந்தத்தை எடுத்து, அதே இடத்தில் ஒட்டினார். மீதியிருந்த இரண்டு ரொட்டிகளை எடுத்து உரித்தார்.

அவை வெந்து வந்த பிறகு மேசை மேல் வைத்துவிட்டு ஆறுவதற்காக நின்றோம். ரவி இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்தார். கூடத்தில் படையலுக்கு நேரமாகிறது என்று கூப்பிட்டார்கள். அவர் நகரவில்லை. கடைசியில் தொட்டுவிட்டுத் தலையசைத்தார், ஊற்றினார். நின்றது. வெள்ளையாக, மெல்லியதாக இறுகி, ஜன்னல் வெளிச்சத்தில் பளபளத்தது.

இரண்டையும் இலையில் வைத்தார். பக்கத்தில் அந்த அழுக்குத் தாளை விரித்து வைத்தார்.

படையல் முடிந்ததும் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார்கள். ரயிலில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கிள்ளான் வரை வந்தேன். இப்போது எனக்கு நன்றாக எழுத வருகிறது. யாருக்கு எழுதுவது என்று தெரியவில்லை. இந்தக் கட்டுரையையும் நான் திருப்பி எழுதப் போவதில்லை. மேரியம்மா அடித்தல்களோடுதான் வாசிக்க வேண்டியிருக்கும்.

டீச்சர், தாளைக் கொடுத்துவிட்டேன். நீங்கள் கேட்ட அதே தாள். படித்துப் பாருங்கள். போய் வாருங்கள், டீச்சர்.